கிளச்சும் ஒரு பொட்டு நெயில் பாலிஷும்

பொறாமை பிடித்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. யாரையோ சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பைக். கறுப்பு நிறம், இருநூறு சிசி. ஓட்டுகிறவள் என் மனைவி. செங்காங்கிலிருந்து கேலாங் வரைக்கும் தினமும் காலையில் போய், மாலையில் திரும்புவாள். அங்கே ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. ஏழு மணிக்கு முதல் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்தாக வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தவள். முதல் முறை தேர்வில் தோற்று, இரண்டாம் முறை ஜெயித்து, வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் பக்கத்தில் லாரி வந்தாலே முதுகு வியர்த்துவிடும். நான் ரயிலில் லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவன். சிராங்கூன் சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியை ஃபிரேமில் பொருத்துவேன், தளர்ந்த ஸ்க்ரூவை முடுக்குவேன். எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவை இருபது வருடமாகத் திருகுகிற கை இது. அதனால் கைமேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பைக்கைப் பராமரிப்பது என் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே நானாகவே எடுத்துக்கொண்டேன். பைக் பதிவாகியிருப்பதும் என் பெயரில்தான். அவளோடு ஏதாவது வாக்குவாதம் வந்தால், "பேசாம வித்துடலாம்" என்று சொல்லிவிடுவேன். சும்மா சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவள் வாயடைத்துப் போவாள் என்று தெரிந்துதான் சொல்வேன்.

கடையில் ஒரு பழக்கம். ஸ்க்ரூவை முடுக்கிய பிறகு அதன் தலையில் ஒரு துளி நெயில் பாலிஷ் வைப்போம், சீக்கிரம் தளராது. அதையே நான் பைக்குக்கும் செய்தேன். அடியில் எண்ணெயை வடிக்கிற போல்ட்டை இறுக்கியதும், போல்ட்டும் இன்ஜினும் சேருகிற இடத்தில் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு பிளந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

"என்னங்க, எனக்கே நீங்க இப்படி வச்சு விட்டதில்ல," என்று அவள் கிண்டல் செய்வாள்.

போன வருடம் அவன் எதிர் அடுக்குமாடி புளோக்குக்குக் குடி வந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்தின் பின்பக்கம் கேன்டீனில் நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று என் மனைவி, "டேய்!" என்று கத்தினாள். பத்து மேசை தள்ளி ஒருவன் திரும்பினான். உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பாம், தேவாலயப் பங்கில் ஒரே பாடகர் குழுவாம். இத்தனை வருடம் பாசிர் ரிஸ் பக்கம் குடியிருந்தானாம். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் எல்லோரும் கூடவே நின்றார்கள், மரியாதையான குடும்பம். என் பொறாமைக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் என் மனைவி என்னை "என்னங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். கோபத்திலும் "என்னங்க"தான். அவனை "டேய்", "போடா", "வாயை மூடுடா" என்கிறாள். சொல்லும்போது பதினாறு வயதுப் பெண்ணாக ஆகிவிடுகிறாள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாக வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவனோ என்னை அண்ணே அண்ணே என்பான். எனக்கு எப்போதும் கோப்பி வாங்கிக் கொடுக்க முந்திக்கொள்வான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே பெரிய எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பைக்கை நிறுத்தும்போது அவன் பக்கத்தில் நின்றிருந்தான். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சத்தம் ஒரு மாதிரி இருக்குலா. ஆயில் மாத்துற நேரம் வந்துடுச்சு," என்றான். சொன்னது அவளிடம். நான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஒரு எண்ணெய் பாட்டிலோடு வந்தாள்.

"அவன் கொடுத்தான். நம்ம பைக்குக்கு இதுதான் சரியா இருக்குமாம். கார் எண்ணெய் மட்டும் ஊத்திடாதீங்கன்னு சொன்னான்."

"வை, பாக்கலாம்," என்றேன்.

அவள் குளிக்கப் போனதும் அந்தப் பாட்டிலை எடுத்துக் காலணி அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் அது கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. வீட்டு எஜமான் நான் என்று யாரிடமோ நிரூபித்துவிட்டது போல இருந்தது.

என் அண்ணன் வாடகைக் கார் ஓட்டுபவர். அவருடைய காருக்கு வாங்கிய எண்ணெயில் ஒரு பெரிய டின் என்னிடம் இருந்தது. நல்ல எண்ணெய். காருக்கே போடுகிறார்கள், பைக்குக்குப் போட்டால் குடித்துவிட்டுக் கும்பிடுமே என்று நினைத்தேன். அவன் போடாதே என்று சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை விசாரித்திருப்பேன். அவன் சொன்னதால்தான் ஊற்றினேன்.

எங்கள் பைக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் ஒரே எண்ணெய். கிளச் என்பது ஒன்றோடொன்று ஒட்டி நின்று பிடிக்க வேண்டிய தகடுகள், அந்த எண்ணெயிலேயே ஊறிக்கொண்டிருப்பவை. கார் எண்ணெய் சிலவற்றில் வழுக்கலுக்கென்றே ஏதோ சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது. இந்தத் தகடுகள் அதில் ஊறினால் பிடிப்பை இழந்துவிடும். இதையெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் போல்ட்டை இறுக்கிச் சிவப்புப் பொட்டு வைப்பது மட்டும்தான்.

நான்கு நாளில் அவள் வந்து சொன்னாள். "என்னங்க, ஆக்சிலேட்டர் கொடுத்தா இன்ஜின் கத்துது, வண்டி போக மாட்டேங்குது. கிளச் வழுக்குற மாதிரி இருக்கு."

"எண்ணெய் மாத்தினா கிளச்சைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும். அவ்வளவுதான்," என்றேன். எங்கேயோ படித்தது, உண்மையும்கூட. அடுக்குமாடிக் கார்பார்க்கின் மேல்தளத்தில், விளக்குக் கம்பத்தடியில், பைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிளச் லிவர் ஓரத்தில் இருக்கிற திருகை இரண்டு சுற்று முடுக்கினேன். தளர்ந்தால்தான் வழுக்கும், இறுக்கினால் பிடிக்கும் என்பது மூக்குக்கண்ணாடிக்காரன் மூளை. பைக் கிளச்சில் விஷயம் தலைகீழ். கேபிளில் கொஞ்சம் தளர்வு விட்டால்தான் உள்ளே தகடுகள் முழுசாகச் சேரும். கேபிளை இறுக்க இறுக்க அவை விலகியே நிற்கும். நான் இறுக்கினேன். இன்னும் வழுக்கியது. இன்னும் இறுக்கினேன்.

"ஒருவேளை எண்ணெயா இருக்குமோ? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாத்துக்கும் அவன்கிட்ட கேட்டுத்தான் ஆகணுமா? ரிப்பேர் ரிப்பேர்னு உயிரை வாங்குறதுக்கு இந்த வண்டியை வித்துட்டு ரெண்டு பேரும் ரயில்ல போகலாம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு மணி வாக்கில் கடைக்குப் போன் செய்தாள். வண்டி இழுக்கவில்லை என்றாள். வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடை சாத்திவிட்டு வீடு வந்து சேர மணி ஒன்பதரை. வாசலிலேயே, "இப்ப பரவாயில்லைங்க. காலைல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க," என்றாள்.

சனிக்கிழமை காலையில் கார்பார்க்கிலேயே நான்கு சுற்றுச் சுற்றினேன். சாய்தளத்தில் ஏற்றினேன். பிடித்த பிடியில் ஏறியது. கிளச் லிவர் மட்டும் நான் வைத்ததைவிடக் கொஞ்சம் தளர்வாக இருந்தது. கேபிள் இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். முகத்தில் காற்று பட, மேல்தளத்தில் தனியாக ஒரு ராஜா போல ஓட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கேன்டீனில் அவன் இருக்கிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். பேச்சை நானே கிளச் பக்கம் திருப்பினேன். புதிய எண்ணெய் போட்டால் கேபிள் செட்டாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதற்குள் பதறிப்போய் மெக்கானிக்கிடம் ஓடக்கூடாது, கையில் அந்த நிதானம் வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். ஒரு மெக்கானிக்கிடம் சொன்னேன். விரலை மடக்கி, லிவர் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். "நல்லா செட் பண்ணிருக்கீங்கண்ணே," என்றான்.

என் மனைவி தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த மூன்று மாதம் அந்த நினைப்பிலேயே ஓடியது. அவள் "டேய்" என்றால்கூட முன்பு போல எரியவில்லை.

பிறகு அடுத்த எண்ணெய் மாற்றும் நேரம் வந்தது. ஒரு பொது விடுமுறை நாள், காலை பத்து மணி. அட்டையை விரித்து, எண்ணெய் பிடிக்கிற பேசினை அடியில் தள்ளி, அண்ணனுடைய அதே டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டார்ச்சோடு குனிந்தேன். போல்ட்டில் பொட்டு பிளக்காமல் இருந்தது. ஆனால் அது சிவப்பு இல்லை.

நாவல் பழ நிறம்.

துணியால் துடைத்துப் பார்த்தேன். டார்ச்சை மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். நாவல் பழம்தான். சிவப்பு பாட்டில் தீர்ந்து போய் அவள் இந்த நிறத்துக்கு மாறியது எனக்குத் தெரியும். தினமும் சோறு போடுகிற கையில் பார்க்கிறேன். ஆனால் நான் கடைசியாகப் பொட்டு வைத்தது பழைய பாட்டிலின் அடியைச் சுரண்டி எடுத்த சிவப்பில்.

யாரோ இந்தப் போல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள். எண்ணெயை மாற்றியிருக்கிறார்கள். யார் என்று யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்குத் தெரியக்கூடாது என்று பொட்டு வைத்தது அவள். எண்ணெய் என் மூளையில் ஏறவே இல்லை. அந்த இரண்டு பேரும் இதே இடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்ததுதான் ஏறியது. அவள் தூரிகையை நீட்டுகிறாள். அவன் ஏதோ சொல்கிறான். "போடா" என்று அவள் சிரிக்கிறாள். நடந்ததா நடக்கவில்லையா என்றே தெரியாத அந்தச் சிரிப்பை நான் என் காதால் கேட்டேன். கேன்டீனில் விரலை மடக்கிக் காட்டிய என் கையும் ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

பேசின், டின், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மேலே போனேன். முதலில் காலணி அலமாரியை இழுத்துப் பார்த்தேன். பின்னால் சுவரில் தூசி மட்டும் இருந்தது. அவள் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எண்ணெயை யார் மாத்தினது?"

கத்தி நின்றது. என் கையில் இருந்த அழுக்குத் துணியைப் பார்த்தாள். பொய் சொல்ல முயலவில்லை.

"அவன்தான். அந்த வெள்ளிக்கிழமை."

"எனக்குத் தெரியாம. என் வண்டியை. ரெண்டு பேரும் சேர்ந்து."

"முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணேன்," என்றாள்.

அந்தப் போனைப் பற்றி மேலே இரண்டு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போனேன். முழுதாகச் சொல்கிறேன். சுரங்க விரைவுச்சாலையிலிருந்து மேலே ஏறுகிற இடத்தில் வண்டி இழுக்காமல் நின்றே விட்டது. அவள் ஓரத்தில் ஒதுங்கி நின்று என்னை அழைத்தாள். பின்னால் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது எனக்கும் கேட்டது. "என்னங்க, பயமா இருக்கு," என்றாள். என் எதிரில் ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். "நேத்துதானே டைட் பண்ணேன்? நீ கியரைக் குறைக்காம ஏத்தியிருப்ப. மெதுவா உருட்டிக்கிட்டுப் போ, வந்து பாக்குறேன்," என்றேன். வைத்துவிட்டு அந்தப் பெரியவருடைய மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவுக்கு ஒரு துளி பாலிஷ் வைத்தேன்.

"உருட்டிக்கிட்டே மேல வந்தேன்," என்றாள் அவள். "அதுக்கப்புறம்தான் அவனுக்குப் பண்ணேன். அவன் வேலையிலிருந்து நேரா வந்தான். வண்டியை மெல்ல ஓட்டிக் கார்பார்க்குக்குக் கொண்டு வந்தான். போல்ட்டைக் கழட்டி மோந்து பார்த்துட்டு, 'நான் கொடுத்த பாட்டில் எங்க?'ன்னு கேட்டான். மேல வந்து தேடினேன்."

"எங்க கிடைச்சுது?"

"நீங்க எங்க வச்சீங்களோ அங்கதான்."

அழுக்குத் துணியைச் சமையல் மேடை ஓரத்தில் வைத்தேன்.

"அதை அங்க பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சிருச்சு," என்றாள். "அவன்கிட்ட நீங்க மறந்துட்டீங்கன்னு சொன்னேன். அவன் எதுவும் கேக்கல. எண்ணெயை மாத்தி, கேபிளைத் தளர்த்திட்டு, 'அண்ணன்கிட்ட சொல்லாத, அவரே செட் பண்ணதா இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனான். பொட்டு நான்தான் வச்சேன். அவன் போனதுக்கு அப்புறம்."

சிரிப்பு இல்லை. முட்டி போட்டு உட்கார்ந்தது அவள் ஒருத்திதான். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நேரத்தில் அதற்குத்தான் நிம்மதி வந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாமே. ஏன் பாட்டிலை ஒளிச்சு வச்சீங்கன்னு," என்றேன்.

"கேட்டா?" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். "கேட்டா வண்டியை வித்திருப்பீங்க."

"அது சும்மா கோவத்துல சொல்றது."

"உங்களுக்குச் சும்மா. எனக்கு ஒவ்வொரு தடவையும் அது போயிடுச்சுன்னே இருக்கும். அந்த டன்னல்ல லாரி பின்னாடி வந்தப்பகூட, அடிபடுமோன்னு நினைச்சதைவிட, இதைச் சாக்கா வச்சு வித்துடுவாருன்னுதான் நினைச்சேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் ஏறவும் இல்லை, அழவும் இல்லை. நோயாளிக்கு ஊசி போடும் முன்னால் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். பதினைந்து வருடமாக அவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கணக்குப் பார்க்கிறவனுக்கு, யாரைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று தெரியவில்லை. நான் குழாயடியில் போய்க் கையைக் கழுவினேன். கறை போகவில்லை. மறுபடியும் கழுவினேன்.

"கீழே எண்ணெயை வடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

படுக்கையறைக்குப் போனாள். அவளுடைய சீருடைகளுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குக் கொடுத்த அதே எண்ணெய், புதிய பாட்டில், சீல்கூட உடைக்கவில்லை.

"இது எதுக்கு?"

"நீங்க இன்னைக்கு அந்தக் கார் எண்ணெயைத்தான் ஊத்துவீங்கன்னு தெரியும். நாளைக்குச் சாயங்காலம் மாத்துறதுக்கு அவன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. நான் ஒவ்வொரு முறையும் ஊற்ற ஊற்ற, அவள் மறுநாள் மாற்றி, நாவல் பழப் பொட்டு வைத்து, தேநீரைக் கலக்கிக்கொண்டே என் பெருமையைக் கேட்டபடி வாழ்நாள் முழுக்க ஓட்டியிருப்பாள்.

இரண்டு பேருமாகக் கீழே போனோம். வெயில் ஏறியிருந்தது. எண்ணெயை வடித்தேன். அவள் புதிய பாட்டிலை உடைத்து ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, ஊசி மருந்து அளக்கிற கை. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினோம்.

இனி கிளச். வழக்கமாக நான் உட்கார்ந்து, என் கையால் லிவரைப் பிடித்து, என் விரலுக்குத் தோதான இடத்தில் நிறுத்துவேன். போன வாரம்கூட அப்படித்தான் கொஞ்சம் முடுக்கி வைத்திருந்தேன். என் கை பெரிது. இத்தனை நாளும் அவள் சின்ன விரல்களை எட்டி எட்டிப் பிடித்துத்தான் ஓட்டியிருக்கிறாள் என்பது, அன்று அவளைப் பைக்கில் உட்காரச் சொன்னபோதுதான் கண்ணில் பட்டது.

"பிடி. மெதுவா விடு. எங்க பிடிக்கணுமோ அங்க சொல்லு."

அவள் பிடித்தாள். விட்டாள். "இன்னும் கொஞ்சம் உள்ளே," என்றாள். திருகைத் தளர்த்தினேன். "இன்னும்." அரைச் சுற்று. "இப்ப கொஞ்சம் அதிகமாயிடுச்சு." கால் சுற்றுத் திரும்ப இறுக்கினேன். கடையில் மூக்கில் கண்ணாடியை வைத்துவிட்டு, சரியா, சரியா என்று எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். இவளிடம் கேட்டதில்லை.

"இங்க. இதுதாங்க," என்றாள். இரண்டு மூன்று முறை பிடித்து விட்டுப் பார்த்தாள். முகம் தெளிந்தது. பிறகு, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், வாய் தவறித்தான் சொன்னாள்.

"அவனும் இங்கதான் வச்சிருந்தான்."

வயிற்றில் அதே இடத்தில் அது பற்றியது. மூன்று மாதம் அணைந்து கிடந்ததாக நினைத்த நெருப்பு. அவள் சொன்ன மறுநொடியே என் முகத்தைப் பார்த்தாள். லிவரைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றன. காத்திருக்கிறாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"சரியான இடம்தான்," என்றேன். திருகு நகராமல் பிடிக்கிற லாக் நட்டை அங்கேயே வைத்து இறுக்கினேன்.

அவள் மூச்சை விட்டாள். கைப்பையிலிருந்து நாவல் பழ நிற பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"பொட்டு வைக்கலையா?"

"வேண்டாம்," என்றேன்.